புரட்டாதிச் சனிக்கிழமையில் சனியைக் காட்டிய கதை

பீரங்கி

மொன்றியலில், பார்க் மெட்ரோ வாசலில் நான் முதன்முதலாகத் தொலைநோக்கியை இறக்கி வைத்த அன்று, மரக்கறிப் பையோடு வந்த ஒரு ஐயா நின்று, குழாயை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, உதென்ன, பீரங்கியோ?"

"இல்லை ஐயா. சந்திரனைப் பார்க்கிறது. வாங்கோ, காசொண்டும் இல்லை."

"சந்திரனை ஏன் உதுக்குள்ளாலை பார்ப்பான்? அது அங்கைதானே நிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் தன் பாட்டில் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் நின்ற லூக்குக்கு இதை என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். மனிசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கு இது பழகின சங்கதி. கோடைகாலம், இலையுதிர்காலம் என்று பல வருடங்களாக நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தவர் அவர். நாங்கள் இரண்டு பேரும் புவாண்ட்-கிளேரில் மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் பட்டறையில் ஒன்றாக வேலை செய்தவர்கள். நான் வில்லை தேய்த்தேன், அவர் இயந்திரங்களைத் திருத்தினார். நான் ஓய்வு பெற்ற அன்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தாய். நீ கண்ணாடியால் எதையாவது பார்த்திருக்கிறாயா?"

அந்தக் கிழமையே தன் வீட்டு வளவில் எனக்குச் சந்திரனைக் காட்டினார். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரத்தில் மலைகள் நின்றன. ஒரு பள்ளத்தின் நடுவில் இருந்த சிகரத்தின் நுனியில் மட்டும் வெயில் பட்டிருந்தது. அங்கே இப்போது விடிகிறது என்று லூக் சொன்னார். வேறு ஒரு இடத்தில் விடிவதை நான் புரோசார்டில் ஒரு வீட்டின் பின்வளவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களில் என் வயதுக்காரருக்கு வானம் என்றால் குண்டு விமானத்தின் இரைச்சல் கேட்கிற இடம். அண்ணாந்து பார்த்தால் அடுத்த வேலை பங்கருக்குள் குதிப்பது. சும்மா பார்ப்பதற்கென்று ஒரு வானம் இருக்கிறது என்பது எனக்கு இந்த நாட்டில், அதுவும் தலை நரைத்த பிறகுதான் தெரியவந்தது. அதனால்தான் தன்னோடு நடைபாதையில் வந்து நிற்கிறாயா என்று லூக் கேட்டவுடன் ஓம் என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கடை சனம் போகிற வருகிற இடத்தில்தான் வைக்கவேண்டும்.

வேலை என்று பார்த்தால்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் நட்சத்திரங்களின் பெயர்களைப் பாடமாக்குகிறார்கள். அதெல்லாம் பேந்து. முதலில் ஆட்களைக் கையாளப் பழகவேண்டும்.

குழாயைப் பிடிக்க விடாதீர்கள். எல்லோரும் ஐபீஸில் கண்ணை வைக்கும்போது தேர் வடம் பிடிக்கிற மாதிரிக் குழாயைக் கட்டிப் பிடிப்பார்கள். பிடித்தால் கிரகம் ஓடிவிடும். கைகளைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள். வெளியே எடுத்தவுடன் காட்டாதீர்கள். வீட்டுச் சூட்டோடு வந்த குழாய் குளிரும்வரை படம் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். என்ன தெரிகிறது என்று முந்திக்கொண்டு சொல்லவே சொல்லாதீர்கள். அவர்கள் வாயிலிருந்து அந்த "ஆ" வரும்வரை பொறுத்திருங்கள். அது தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் பஞ்சாபிக்கும் ஒரே சத்தம்தான்.

சிலர் நம்பமாட்டார்கள். குழாய்க்குள் படம் ஒட்டியிருக்கிறோம் என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு லூக் வைத்திருந்த மருந்து சுலபமானது. "கையை எடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டே நில்லுங்கள்" என்பார். கிரகம் மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, காணாமல் போய்விடும்.

"எங்கே ஓடுகிறது?" என்று கேட்பார்கள்.

"அது ஓடவில்லை. நீங்கள் நிற்கிற பூமி சுற்றுகிறது."

அப்போது அவர்கள் தங்கள் காலடியைக் குனிந்து பார்ப்பார்கள். அண்ணாந்து பார்க்க வந்தவர் நடைபாதைச் சீமெந்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பதை எத்தனை தரம் கண்டாலும் எனக்கு அலுக்கவில்லை.

புரட்டாதிச் சனி

இனி என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். அது புரட்டாதி மாதம். வெளிச்சம் போன கையோடு தென்கிழக்கில் சனிக்கிரகம் நன்றாக ஏறி நிற்கும். வளையம் தெரிகிற கிரகம், வேறு எதைக் காட்டினாலும் அந்தச் சந்தோஷம் வராது. லூக் சனிக்கிழமைக்கு ஒழுங்கு செய்தார். நானும் தலையாட்டிவிட்டேன். புரட்டாதிச் சனிக்கிழமையில் எங்கள் சனம் கோயிலுக்குப் போய், சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கேற்றி, தங்களைத் தொடவேண்டாம் என்று மன்றாடிவிட்டு வருகிற அதே பாதையில்தான் நான் அவரைக் குழாயால் பெரிதாக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வந்த ஆறேழு பேர் வடிவாக வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்ற பெண் கேட்டார். "என்னக்கா காட்டுறியள்?"

"சனி."

"என்ன?"

"சனிக்கிரகம் பிள்ளை. வளையமெல்லாம் தெரியும், வாங்கோ."

"ஐயோ அக்கா, உங்களுக்கென்ன விசரோ? இப்பதான் அவருக்கு விளக்கேத்திப்போட்டு வாறம். கோயிலிலையே நேர நிண்டு கும்பிடக்கூடாது எண்டு பக்கத்திலை நிண்டு கும்பிடுற ஆள் அவர்!"

வரிசை அப்படியே கரைந்தது. ஒருவர் கழன்ற செருப்பைச் சரியாகக் கொளுவாமலே நடந்தார். தமிழ் தெரியாத லூக் கையை விரித்தார். நான் விளக்கம் சொன்னதும், "அப்படியென்றால் வேறு பெயர் சொல்" என்றார்.

எனக்கும் அந்த எண்ணம் வந்ததுதான். வியாழன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். குரு பார்க்கக் கோடி நன்மை என்று ஆளுக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போவார்கள். வளையத்தை எவர் கேட்கப்போகிறார்? பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது.

செல்வராசா அண்ணை

அந்த நேரம்தான் செல்வராசா அண்ணையும் மனைவி புஷ்பமும் வந்தார்கள். அண்ணையைத் தெரியாத ஆள் அந்தப் பகுதியில் இல்லை. டொராண்டோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் ட்ரக் ஓடியவர். குளுக்கோமா வந்து இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய், லைசென்ஸும் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணில் அழுத்தம் அடங்காதபடியால் அடுத்த கிழமை ஒப்பரேஷன். செய்யாவிட்டால் எப்படியும் போகும், செய்யும்போதே அந்த மிச்ச வட்டமும் போகக்கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இது ஏழரைச் சனியின் வேலை என்று புஷ்பம் சனி தவறாமல் விளக்கேற்றி வந்தார். அன்றும் அவர் கையில் எள்ளெண்ணெய் மணத்தது.

"தங்கச்சி, என்ன நிக்குது இதுக்குள்ளை?" என்று அண்ணை கேட்டார்.

அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. "சனி, அண்ணை" என்றேன்.

புஷ்பம் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். "இஞ்சாருங்கோ, வாங்கோ போவம். ஒப்பரேஷனை வைச்சுக்கொண்டு உது வேண்டாம்."

அண்ணை அசையவில்லை. குழாயைத் தடவிப் பார்த்தார். "இதென்ன, வாய் மேலை பார்க்குது, கண் வைக்கிற இடம் பக்கத்திலை கிடக்குது?"

"அடியிலை ஒரு பெரிய கண்ணாடி இருக்குது, அண்ணை. அதிலை பட்ட வெளிச்சத்தை மேலை இருக்கிற சின்னக் கண்ணாடி பக்கத்துக்குத் திருப்பிவிடுது."

அண்ணை கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "கேட்டீரோ, புஷ்பம்? நான் அவருக்கு நேர நிக்கேல்லை. பக்கத்திலை நிண்டு கண்ணாடியிலை பார்க்கிறன். முப்பது வருசமாப் பின்னாலை வாறவனை நான் அப்பிடித்தானே பார்த்தனான்?"

"பகிடி விடாதேங்கோ!" புஷ்பத்துக்குக் குரல் உடைந்தது. "ஏதும் நடந்தால்?"

"நீர் கும்பிடுற ஆள்தானே. நான் ஒருக்கா என்ன மாதிரி எண்டு பார்க்கிறன், விடும்."

புஷ்பம் குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். அப்படியே நின்றபடி என்னிடம், "ஏதும் நடந்தால் அக்கா, உங்களை நான் சும்மா விடமாட்டன்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை.

"நல்ல கண்ணை வையுங்கோ, அண்ணை" என்றேன்.

"வலது கண் பேந்தும் பார்க்கும். இதுக்கு வாற கிழமை என்ன நடக்குமோ ஆருக்குத் தெரியும்" என்று இடது கண்ணை வைத்தார்.

உடனே கிடைக்கவில்லை. ஊசித் துவாரம்போல மிஞ்சிய பார்வையை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நான் அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். வில்லையின் நடுவைக் கண்டுபிடிப்பதுதானே என் வேலையாக இருந்தது. லூக் கிரகம் ஓடிவிடாமல் குழாயை விரலால் தட்டித் தட்டிக் கொடுத்தார். அண்ணை "இல்லை... இல்லை..." என்றுகொண்டிருந்தார். திடீரென்று மூச்சை இழுத்தது கேட்டது.

80ஆம் நம்பர் பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"புஷ்பம்" என்றார் மெதுவாக. "வடிவான ஆளப்பா இவர். ஒரு சின்ன முத்து. சுத்திவர வளையம். ஒண்டிலையும் முட்டாமல் தன்ரை பாட்டிலை நிக்கிறார். என்ரை கண்ணுக்கு அளவெடுத்த மாதிரிக் கிடக்குது."

உண்மைதான். மற்றவர்கள் பார்க்கும்போதும் சுற்றிவர வெறும் இருட்டு, நடுவில் மட்டும் அந்தச் சின்ன வெளிச்சம். இழந்த பார்வை அவருக்கு அங்கே தேவைப்படவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்ததை அவரும் முழுதாகப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புஷ்பம் கடைசிவரை திரும்பவில்லை.

ஒப்பரேஷனுக்குப் பிறகு

சரிவரவில்லை. கட்டவிழ்த்தபோது இடது கண்ணில் அந்த வட்டமும் இல்லை. எனக்குச் செய்தி கடையில் பருப்பு நிறுக்கும்போது வந்தது. "சனியை நேர பார்த்தால் வேறை என்ன நடக்கும்?" என்று பின்னால் ஒருவர் சொன்னது என் காதில் விழவேண்டும் என்றே சொன்னது. டொக்டர் முதலே சொன்னவர்தானே என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? இரவு நித்திரை வரவில்லை. இனிச் சந்திரனோடு நிறுத்துவோம், இல்லாவிட்டால் வேறு ஊரில் வைப்போம் என்று லூக்கிடம் சொன்னேன்.

"நீ அந்த மனிதரின் கண்ணைக் கெடுத்தாயா?"

"இல்லை."

"அப்படியென்றால் சனிக்கிழமை வா" என்றார். இரக்கமில்லாத மனிசன்.

போனேன். கார்த்திகைக் குளிர் தொடங்கிவிட்டது, விரல் விறைத்தது. எங்கள் சனம் ஒருவரும் கிட்ட வரவில்லை. இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் பார்த்துவிட்டு மெர்சி சொல்லிப் போனார்கள். அப்போது தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து புஷ்பம் தனியே வருவதைக் கண்டேன். நடுத்தெருவில் வைத்துக் கிழிக்கப்போகிறார், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

கிட்ட வந்தார். "அக்கா, அவர் இண்டைக்கும் நிக்கிறாரோ?"

"ஆர்?"

"அவர்தான்." பெயரைச் சொல்லாமல் நாடியை உயர்த்தி மேலே காட்டினார்.

"நிக்கிறார்" என்றேன்.

"இவர் வீட்டிலை ஒரே அந்தக் கதைதான், அக்கா. அந்தக் கண் முழு இருட்டாம். ஆனால் அந்த இருட்டுக்குள்ளை கடைசியா வடிவாப் பார்த்தது நிக்குதாம். முத்து எண்டுறார், வளையம் எண்டுறார். நான் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். என்னத்துக்கு ஓம் எண்டுறன் எண்டு எனக்கே தெரியாது." சால்வையை இறுக்கிப் போர்த்துக்கொண்டார். "எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."

ஐபீஸில் கண்ணை வைத்தவருக்குக் கிரகம் உடனே கிடைத்துவிட்டது. அந்த "ஆ" கூட வரவில்லை. கண்ணை எடுக்காமலே கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டி, "அவருக்கு அடியுங்கோ" என்றார். அடித்து அவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றார் புஷ்பம். "ஓம். மெட்ரோ வாசலிலைதான் நிக்கிறன். ஓம், பார்க்கிறன். நீங்கள் சொன்ன மாதிரியேதான் நிக்கிறார். ஒண்டிலையும் முட்டேல்லை." அவர் அழுதுகொண்டிருந்தார். கிரகம் ஓரத்துக்குப் போனது. நான் குழாயைத் தட்டித் திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

குழாயைத் தூக்கிக்கொண்டு புதிதாக நடைபாதைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதைக் காட்டுகிறீர்களோ அதன் பெயரை உள்ளபடி சொல்லுங்கள். பயப்படுகிறவர் பயப்படட்டும், போகிறவர் போகட்டும். வரிசை கலைந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு நான் வியாழன் என்று சொல்லியிருந்தால், செல்வராசா அண்ணை அந்தக் கண்ணால் கடைசியாகக் கண்டது யாரை என்று தெரியாமலே இருந்திருப்பார்.