பர்னபாஷ் வெட்டாத ராணி

திசா ஆற்றங்கரையில் எங்கள் ஊரைப் போல எத்தனையோ ஊர்கள் உண்டு. ஆனால் பெஷ்ட் நகரத்திலிருந்து கிழக்கே போகிற சதுரங்கப் புலிகளெல்லாம் பாதி வழியில் ரயிலைவிட்டு இறங்கித் தங்கிப்போனது எங்கள் ஊரில் மட்டும்தான். இங்கே பார்ப்பதற்குச் சேறும் வாத்தும் தவிர ஒன்றும் கிடையாது. தொப்பிக்காரர் கெலமென் பர்னபாஷைத் தோற்கடிக்க வேண்டும், அதற்காக இறங்கினார்கள்.

சும்மா தோற்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பர்னபாஷ் அழகாகத் தோற்பார். எதிராளி ஒரு குதிரையைப் பலி கொடுத்தால் வெட்டுவார். மந்திரியைக் கொடுத்தால் அதையும் வெட்டுவார். யானையை நீட்டினால் நன்றி சொல்லி வெட்டுவார். மேஜையில் அவர் பக்கம் முழுக்க வெள்ளைக் காய்கள் கல்யாணப் பந்தி மாதிரி குவிந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து, எதிராளியிடம் மிஞ்சிய ஒரு நோஞ்சான் சிப்பாயும் ஒற்றைக் குதிரையும் சேர்ந்து அவருடைய ராஜாவை மூலையில் மடக்கிவிடும். சபை எழுந்து நின்று கைதட்டும். அடுத்த வாரம் பெஷ்ட் பத்திரிகையில் ஆட்டம் அச்சாகும். ஜெயித்தவர் பெயர் கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் ‘கெலமென், தொப்பி வியாபாரி’. அவர் அந்தப் பத்திரிகைகளை வாங்கி, தொப்பிகளுக்கு உள்பட்டையாக ஒட்டி விற்றார். மாவட்டத்தில் பாதி ஆண்கள் அவருடைய தோல்வியைத் தலையில் சுமந்துகொண்டுதான் சந்தைக்குப் போனார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய அம்மா. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை வேண்டாம் என்பது அந்த வீட்டு ஜன்னலில் கல்லெறிவதற்குச் சமம். மற்ற பிள்ளைகள் மேஜைக்கடியில் நாய்க்குத் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். பர்னபாஷ் ஒரே ஒரு தடவை, அத்தை வீட்டில் மூன்றாவது தட்டு நூடுல்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா அகப்பையாலேயே ஒன்று போட்டாள். “குடுக்கிற கையைத் தட்டிவிடுவியாடா நீ?” என்று கேட்டாளாம். அந்த ஒரு அடியில் ‘வேண்டாம்’ என்கிற சொல்லே அவர் வாயைவிட்டு ஓடிப்போயிற்று.

ஒரு தடவை வேற்றூர்ச் சாவு வீட்டு வழியாகப் போனவரை, ஒரு பிடி மண் போடுங்கள் என்று கூப்பிட்டார்கள். போட்டார். சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முகம்கூடத் தெரியாத அந்த மனிதரைப் பற்றி அவர் பேசிய பேச்சில் விதவை மயங்கி விழுந்தாள். பொழுது சாய்வதற்குள் சொத்தில் ஒரு கழுதை அவர் பங்குக்கு வந்துவிட்டது. இன்னொரு தடவை தம்பியை வழியனுப்ப ரயிலடிக்குப் போனார். பெட்டிக்குள்ளிருந்து யாரோ “வாங்க, இடம் இருக்கு” என்று சொல்லப்போக, எங்கேயோ இருக்கிற கொலொஷ்வார் நகரம் வரைக்கும் போய், வழியில் எவரோ கொடுத்த இரண்டு நாய்க்குட்டிகளோடு திரும்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் ஒன்று என் அப்பாவைக் கடித்த நாயின் தாத்தா.

இப்படிப்பட்டவருக்குக் காதலும் வந்தது. காப்பிக் கடைக்குக் கசகசா வைத்த ரொட்டிச் சுருள் சுட்டுக் கொடுக்கும் எத்தெல்கா மேல். அவள் கைம்பெண். நாக்கு கொஞ்சம் காரம். புதுத் தொப்பி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பர்னபாஷ் அவள் வாசலில் போய் நின்றார்.

“எத்தெல்கா, என்னைக் கட்டிக்கிறீங்களா?”

“பக்கத்துத் தெரு மார்கித் வந்து ‘என்னைக் கட்டிக்கோங்க’ன்னா என்ன சொல்லுவீங்க?”

பர்னபாஷ் பொய் சொல்லத் தெரியாதவர். யோசித்தார். வியர்த்தார். “சரின்னுதான்... சொல்லிடுவேன்னு நினைக்கிறேன்.”

“மார்கித்துக்கு எழுபது வயசு. புருஷன் வேற உசிரோட இருக்கான்.”

“கேட்டுட்டா எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?”

“அப்ப உங்க ‘சரி’யை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஞாயித்துக்கிழமை பெஷ்ட்லேர்ந்து ஒருத்தர் ஆட வர்றாராமே. அவரு என்ன குடுத்தாலும் வாங்காம ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

“ஜெயிக்கணுமா?”

“அது உங்களால ஆகாது. வாங்காம இருந்தாப் போதும்.”

வந்தவர் பெயர் லிப்னிக். இரண்டு கன்னத்திலும் மீசை குதிரைவாலாகத் தொங்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரே காப்பிக் கடையில் கூடியது. கடைக்காரர் ஜிக்மொந்த், பர்னபாஷ் தோற்பதைப் பார்க்க வரும் கூட்டத்தை வைத்தே தன் வீட்டுக்குக் கூரை போட்டவர். அண்டா நிறையக் காப்பி கொதிக்கவைத்திருந்தார்.

கொஞ்ச நேரத்திலேயே லிப்னிக் ஒரு குதிரையை நீட்டினார். பர்னபாஷின் வலது கை தானாக எழுந்தது. இடது கை அதைப் பிடித்துக் கீழே இழுத்தது. கடைசியில் அந்த வலது கையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, இடது கையால் ஒரு சிப்பாயை ஓரமாக நகர்த்தினார்.

“ஐயா, குதிரை சும்மாதான் நிக்குது” என்றார் லிப்னிக்.

“பாத்தேங்க.”

“எடுக்கலையா?”

“வே... வே... வேண்டாங்க.”

கடையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது. லிப்னிக் மந்திரியை நீட்டினார். வேண்டாம். யானையை நீட்டினார். வேண்டாம். எடுத்தால்தானே அவருடைய மாயமெல்லாம் பலிக்கும்? கொடுத்த காய்களெல்லாம் பெண் பார்க்க வந்து காப்பிகூடக் கிடைக்காத சம்பந்தி மாதிரி பலகை நடுவில் விழித்துக்கொண்டு நின்றன.

ஜிக்மொந்த் ஓடிவந்து காதைக் கடித்தார். “அண்ணே, விருந்தாளி மனசு நோகுது. அந்த மந்திரியை மட்டுமாவது ஒரு வாய் எடுத்துக்கோங்க!”

“பசியில்லப்பா.”

லிப்னிக் மீசையின் ஒரு வாலை முறுக்கினார், பிறகு மற்றொன்றை. அந்தக் குழப்பத்தில் ராணியைத் தூக்கி, பர்னபாஷின் சிப்பாய்க்கு நேர் வாயில் வைத்துவிட்டார். இதில் பலியும் இல்லை, தந்திரமும் இல்லை, சுத்தமான கைப்பிசகு. வைத்த மறுகணம் மீசை இரண்டும் வெளுத்துப்போயின. வெட்டினால் பர்னபாஷின் ஆயுளிலேயே முதல் வெற்றி. எதிரில் யார்? பெஷ்ட் புலி! ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சமையலறை வாசலில் சுருள் தட்டோடு நின்ற எத்தெல்காவால் பொறுக்க முடியவில்லை. “யோவ், எடுய்யா! அது நெசமாவே சும்மா கெடக்கு!”

“நீங்கதானே எதையும் வாங்காதீங்கன்னீங்க?”

“இப்ப நானே சொல்றேன், எடு!”

பர்னபாஷ் ராணியைப் பார்த்தார். எத்தெல்காவைப் பார்த்தார். “மாட்டேன்” என்றார். சொல்லிவிட்டு, புதுப் பழத்தைக் கடித்துப் பார்த்தவர் போலக் கொஞ்சம் நிதானித்து, இன்னொரு தடவை, இந்த முறை சத்தமாகவே சொன்னார்: “மாட்டேன்!” பிறகு வேறெங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

உயிர் தப்பிய ராணி சும்மா இருக்குமா? நாலே நகர்த்தலில் பர்னபாஷின் கதை முடிந்தது. அந்த வாரம் பெஷ்ட் பத்திரிகை, ராணியை ஏன் வெட்டவில்லை என்று ஒரு முழுப் பக்கத்துக்கு ஆராய்ந்து, இது நம் புத்திக்கு எட்டாத ஆழம் என்று முடித்தது. முதல்முறையாக அவர் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது.

அதற்கு முன்பே, கடை வாசலில் வைத்து எத்தெல்கா அவரைப் பிடித்தாள். “என்கிட்டயே மாட்டேன்னுட்டீங்களே! சரி, கட்டிக்கலாம்.”

“யோசிச்சுச் சொல்றேங்க.”

“என்னது?”

“யோசிக்கணும்ல?”

அவர் யோசிக்க யோசிக்கக் கோடை போயிற்று. ருசி கண்ட மனிதர் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ சொன்னார். ஜிக்மொந்த் இன்னொரு ஆட்டத்துக்குக் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், மாட்டேன். பாதிரியார் ஆசீர்வதிக்க வந்தார், இன்றைக்கு வேண்டாம். எத்தெல்கா சுருள் கொடுத்தனுப்பினாள்; தட்டோடு திரும்பி வந்தது. ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தாள். பிறகு அந்தத் தட்டைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டுவிட்டு, அவர் பேச்சையே எடுப்பதில்லை என்று சபதம் செய்தாள்.

திராட்சை பறிக்கும் நாளில் பர்னபாஷ் அவள் வாசலுக்கு வந்தார். கையில் தொப்பிகூட இல்லை.

“இன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கலையே, குடுக்கலையே. எதுக்கு வந்தீங்க?”

“அதனாலதான் வந்தேன். இது நானாக் கேக்கறது. கட்டிக்கணும்.”

எத்தெல்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, “நானும் யோசிக்கணும்” என்றாள். அடுப்பில் சூப் பொங்கி வழிகிற வரைக்கும் யோசித்தாள். பிறகு, “மொதல்ல அதை இறக்கு, அப்புறம் பாதிரியாரைப் போய்க் கூட்டிட்டு வா” என்றாள்.