ஒரே மாவு, மூன்று கடைகள்

எங்கள் கடையின் இட்லியை நான் கடையில் உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை. குமணன்சாவடியில் ஒன்று, அம்பத்தூர் ரயிலடியில் ஒன்று, ஆவடி ராணுவ முகாமுக்குப் போகிற வழியில் ஒன்று என்று எங்கள் குடும்பத்துக்கு மூன்று கடைகள் இருந்தன. மூன்றுக்கும் மாவு ஆட்டியது ஒரே வீட்டில், ஒரே ஆட்டுக்கல்லில். ஆட்டியவர்கள் நானும் என் கொழுந்தனாரின் மனைவியும். கடை எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் எங்கள் வீட்டு ஆண்கள் மாமனாரின் உழைப்பைச் சொல்வார்கள். அதில் பொய் ஏதுமில்லை. எனக்கு என்னவோ அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வலது தோள்பட்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் வாழ்க்கைப்பட்டுப் போனது கோவில்பதாகைக்கு. மாமனாருக்கு அங்கே ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய பிறகு ராணுவத்துக்கு இடம் வேண்டுமென்று அந்தப் பக்கத்து நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நாற்று விட்டிருந்த சேற்றில் முளைக்குச்சி அடித்து, சங்கிலி பிடித்து அளந்தார்கள். மாமனார் வரப்பில் நின்று கடைசிவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். இனி என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வழி சொன்னது, பூந்தமல்லியிலிருந்து வந்து எங்கள் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிற பாய். மாமியாரின் சாம்பாரை எத்தனையோ முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

"சாவடியில பெங்களூர் ரோட்டு மேலயே ஒரு ஓட்டு ஊடு காலியா கீதுண்ணே. வண்டி நிக்குது, பஸ் நிக்குது, துன்றதுக்குத்தான் ஒண்ணும் கிடையாது. அக்கா கை சாம்பாரு இருக்க சொல்ல உனக்கு இன்னா கவலை?" என்றார்.

"நாங்க குடியானவங்க. எங்களுக்கு இன்னா தெரியும் கடை நடத்த?" என்றார் மாமனார்.

"பசிக்கிறவன் அதெல்லாமா கேட்டுகினு கீறான்?"

அப்படித்தான் நாங்கள் குமணன்சாவடிக்கு வந்தோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. என் கணவர் அடுப்பில் நின்றார். மாமனார் வாசலில் நின்று இலை போட்டார். மாமியார் உள்ளே இருந்தபடி சாம்பார், சட்னி எல்லாவற்றுக்கும் உப்புப் பார்த்து அனுப்புவார். நான் மாவாட்டினேன்.

அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி ஓர் உலை தொங்கும். கரி தீர்ந்து வேகம் குறைந்ததும் சாவடியில் நிறுத்துவார்கள். கிளீனர் இறங்கி, கரியைக் கொட்டி, கைப்பிடி வைத்த விசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பைக் கிளப்புவான். அது பிடித்துக்கொள்கிற வரைக்கும்தான் ஜனங்களுக்கு நேரம். மடமடவென்று இறங்கி வருவார்கள். உட்கார வைத்து, என்ன வேண்டுமென்று கேட்டு, ஊற்றி வேகவைத்துக் கொடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். முதல் சில நாள் அப்படித்தான் பாதி இலையில் எழுந்து ஓடினார்கள்.

அதைப் பார்த்துவிட்டு மாமனார் ஒரு முடிவுக்கு வந்தார். தூரத்தில் புகை தெரிந்ததுமே இட்லியை இலையில் வைத்துச் சாம்பாரை ஊற்றி, வரிசையாகப் பலகைமேல் அடுக்கிவிட வேண்டும். கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். இட்லி, வடை, புளிச்சோற்றுப் பொட்டலம். இந்த மூன்றுதான் கடையில். வருகிறவன் எடுக்கிறான், நின்றுகொண்டே தின்கிறான், போகிறான். "கரி பஸ் கடை" என்றே பெயர் வந்துவிட்டது. பெயர்ப்பலகையில் எழுதியிருந்த பெயரை யாரும் சொல்லவில்லை.

பிறகு ஜப்பான்காரன் பட்டணத்தின் மேல் குண்டு போடப் போகிறான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தக் கோடையில் நான் பார்த்த கூட்டத்தைப் பிறகு எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. மாட்டு வண்டி, குதிரை வண்டி, கைவண்டி, கால்நடையாகவே வந்தவர்கள். படுக்கைச் சுருள், தையல் மெஷின், கிளிக்கூண்டு, சாமி படம். பட்டணமே எழுந்து மேற்கே நடப்பதுபோல எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் உள்ளே வந்து, "நாமளும் கெளம்பிடலாமா?" என்று கேட்டார்.

"எங்க போறது? நாம ஏற்கெனவே கெளம்பி வந்தவங்கதானே?" என்றார் மாமியார்.

அந்த நாட்களில் கல்லை விட்டு நான் எழுந்தது சோற்றுக்கும் கொல்லைப்புறத்துக்கும்தான். மாவு புளிக்க நேரமில்லை. புளிக்காத மாவில் தட்டையாக வந்த இட்லியை ஒரு குறையும் சொல்லாமல் தின்றார்கள். அரிசி தீர்ந்ததும் மாமனார் இருந்த கேழ்வரகைக் கூழாக்கி ஊற்றினார். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுத்தார். ஒரு பெரிய வீட்டு அம்மாள், காதில் வைரத்தோடு, எங்கள் மாட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கூழைக் குடித்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமியார் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

கொஞ்ச நாள் கழித்து ஜனங்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். எங்கள் கடையை மறக்கவில்லை. போகும்போது தின்றவர்கள் வரும்போதும் இறங்கித் தின்றார்கள். அந்தப் பெயரில்தான் அம்பத்தூர் ரயிலடியில் இரண்டாவது கடை வந்தது. ஆவடியில் முகாம் பெரிதாகி, வேலையாட்களும் சிப்பாய்களும் குவிந்ததும் மூன்றாவது.

அதற்குள் கொழுந்தனாருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் கள்ளிக்குப்பத்துக்காரி. ஒல்லியான உடம்பு, ஓயாத வாய். வந்த மறுநாளே ஆட்டுக்கல் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இந்தக் கல்லுதான் இந்த ஊட்டு மூத்த மருமவ. நீ ரெண்டாவது. நான் மூணாவது" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று கடைக்கும் தனித்தனியே மாவு ஆட்டிக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். மாமியார் ஒப்பவில்லை. "சாவடியில தின்னவன் அம்பத்தூர்ல தின்னாலும் அதே ருசி நாக்குல நிக்கணும். இல்லாங்காட்டி ஒரே பேரு எதுக்கு?" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்தைச் சுற்றியது எங்கள் இரண்டு பேர் கைகள்.

காலையில் அரிசியும் உளுந்தும் ஊறும். உளுந்தைத் தோல் போகக் கழுவவே இடுப்பு ஒடியும். வெயில் ஏறும்போது உட்கார்ந்தால் சாயும்வரை ஆட்டல். ஒருத்தி குழவியைச் சுற்ற, ஒருத்தி மாவைத் தள்ளிவிட வேண்டும். கை மாற்றிக்கொள்வோம். ஆட்டிய மாவைப் பாதிப் பானை மட்டும் நிரப்பி, துணி கட்டி, வைக்கோல் போட்ட வண்டியில் ஏற்றி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் அனுப்புவோம். போகிற வழியிலும் கடையிலும் பொங்கி வர அந்த மீதிப் பாதி வேண்டும். மறுநாள் விடிந்தால் திரும்ப ஊறப்போட வேண்டும். தீபாவளி, பொங்கல், ஜுரம், தீட்டு எதுவும் கல்லுக்குக் கிடையாது. தீட்டு நாட்களில் ஒதுங்கி உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆட்டுவதற்கு ஆள் போதவில்லை, அவ்வளவுதான். என் மகன் மடியில் ஏறினால் இறக்கிவிடுவேன். அவனைத் தூக்கக் கையில் தெம்பு இருக்காது.

கொழுந்தனாரின் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். வயிறு முன்னால் வந்த பிறகும் வந்து உட்கார்ந்தாள். "தள்ளிவுடற வேலை மட்டும் செய், சுத்தாதே" என்று நான் சொல்வேன். கொஞ்ச நேரம் கேட்பாள். என் தோள் துவண்டதைப் பார்த்தால் குழவியைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டிக்காரர் அவசரப்பட்டார். ஏரிக்கரை வழி நீரில் மூழ்கிவிட்டால் ஆவடிக்குப் போக முடியாது. நான் உள்ளே கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் அவளே பானையின் ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டிக்காரரோடு சேர்ந்து தூக்கி ஏற்றினாள். வண்டி போய்விட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளுக்கு வலி வந்தது. மருத்துவச்சி வந்து பார்த்து, கைகால் தேய்த்து, தன்னால் ஆனதைச் செய்தாள். குழந்தை உயிரில்லாமல் வந்தது. பெண் குழந்தை.

மாமியார்தான் எல்லாவற்றையும் கழுவினார். கிணற்றடியில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். கல் மனசுக்காரி என்று அவரை யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் பொழுது விடிந்ததும், வீங்கிய கண்ணோடு என்னிடம் வந்து அவர் சொன்னது இதுதான்:

"இன்னிக்கி நீ ஒருத்தியே பாத்துக்கோம்மா. நானும் வந்து தள்ளிவுடறேன்."

"அத்தே, நான் ஆட்டல."

"இன்னாது?"

"ஆட்டல. எப்ப ஆட்டுவேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது."

"அரிசி ஊறிக்கினு கீது. உளுந்து ஊறிக்கினு கீது. ரேஷன்ல கெடைச்ச அரிசி. வீணாப் போவாதா?"

"போவட்டும்."

அதுவரை நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சத்தம் கேட்டு மாமனார் வந்தார். கையில் இலைக்கட்டு இருந்தது.

"இன்னாம்மா?" என்றார் என்னைப் பார்த்து.

"மாமா, அவ உள்ளார படுத்துகினு கீறா. கல்லுச் சத்தம் அவ காதுல உழக் கூடாது."

மாமனார் இலைக்கட்டைக் கீழே வைத்தார். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஊறின அரிசியைத் தானே வடித்து, பெரிய அண்டாவில் போட்டு, கஞ்சி காய்ச்சினார். முதல் நாள் மாவு தீர்ந்ததும் சாவடிக் கடையில் கஞ்சியும் உரித்த வெங்காயமும்தான். மற்ற இரண்டு கடையும் அந்த மாவோடு மூடிக்கொண்டன. கரி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் சிலர், "இட்லி இன்னா ஆச்சு பெரியவரே?" என்று கேட்டார்கள். "இன்னிக்கி இல்ல" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் அதையே சொன்னார். என் கணவர் எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. மத்தியானம் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து என் தோளில் தேய்த்துவிட்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

அவள் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு மாமனார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அம்பத்தூர் கடை வேண்டாம். ஆவடிக் கடையைச் சின்னவன் எடுத்துக்கொண்டு அங்கேயே தனிக்குடித்தனம் போகட்டும். மாவாட்ட அங்கேயே கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், அவள் கல்லில் உட்காரக் கூடாது. சாவடிக்கு மட்டும் இந்த வீட்டில் ஆட்டினால் போதும், அதற்கும் ஓர் ஆள் வரும்.

"அந்த மாவு நம்ம மாவு ஆவுமா?" என்றார் மாமியார்.

"ஆவாட்டி போவுது."

கொழுந்தனாருக்கு அம்பத்தூர் கடையை விட்டதில் கடைசிவரை வருத்தம்தான். ஆவடியில் ஆட்ட வந்தவர்கள் கோவில்பதாகைப் பெண்கள், எங்களைப் போலவே நிலம் போனவர்கள். சீக்கிரமே இரண்டு கடைக்கும் ருசி வேறுவேறாகிவிட்டது. "ரெண்டும் உங்க கடைதானே? அங்க இட்லி வேற மாதிரி கீதே?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். மாமியாருக்கு அது உடம்பில் முள் மாதிரி. ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போய்ச் சிப்பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்த இட்லியைத் தின்றுவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "உளுந்து கொறச்சல்" என்றார். அப்புறம், "அவ கொஞ்சம் சதை போட்டுக்கீறா" என்றார்.

அவளுக்கு அதன் பிறகு குழந்தை தங்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவளும் பழையபடி வாயாடினாள், ஆனால் நடுவில் சட்டென்று நிறுத்திவிடுவாள்.

சண்டை முடிந்தது. முகாமில் கூட்டம் குறைந்தது. பெட்ரோல் பஸ்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. அவை எங்கள் வாசலில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை, பழக்கத்தில் நின்றன. சுதந்திரம் வரப்போகிறது என்று கடையில் தின்னுகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். நான் கூலிக்கு வந்த பெண்ணோடு உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். முன்பைவிடக் குறைவுதான். தோள் வலி மட்டும் குறையவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு அவள் வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் பாய் போட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். ஊரெல்லாம் மாட்டுக்குக் கொம்பு சீவி, வர்ணம் பூசி, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் புரளக்கூட இல்லை. மாமியார் வந்து பார்த்தார். தெருக்கதவைச் சாத்திவிட்டு, தன் தலையணையை எடுத்துவந்து அவள் தலையைத் தூக்கி அடியில் வைத்தார். "எழுப்பாதே, தூங்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். நானும் பக்கத்திலேயே தரையில் சாய்ந்தேன்.