மூன்றாவது அடையாளம்

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் நடந்தது இது. பெரிய கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அங்கே சின்னச் சின்ன இரும்புப் பட்டறைகள்தான் இருந்தன. எங்கள் ஊர் அங்கிருந்து சைக்கிளில் அரைமணி நேரம். கூடப் பிறந்தவர்கள் என்று நானும் அண்ணனும் இரண்டே பேர். அப்பா விட்டுப்போன நிலத்தை நான் பார்த்துக்கொண்டேன். அண்ணன் கதவுக் கீல் அடிக்கும் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார்.

அந்தப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருக்கு வீட்டில் நல்லது கெட்டது என்று வந்தால், தம்பியையோ மச்சானையோ தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். வருகைப் பதிவில் போனவர் பெயர்தான் விழும். மேஸ்திரிக்கு மெஷின் நிற்காமல் ஓட வேண்டும். போனவருக்கு வேலை கைவிட்டுப் போகக்கூடாது. முதலாளிக்கும் இது தெரியாமல் இல்லை. நானே அதற்கு முன் இரண்டு தடவை அண்ணன் பெயரில் நின்று கீல் அடித்திருக்கிறேன். இதில் தப்பு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அண்ணிக்குப் பொதட்டூர்பேட்டையில் தாய் வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. அழைத்து வர அண்ணன் போனார். மூன்று நாள் நான் நிற்பதாக ஏற்பாடு. இரண்டாவது நாள் காலையில் அண்ணனுடைய பிரஸ் மெஷின் என் வலது கையைப் பிடித்துவிட்டது.

காலால் மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். ஒரு மிதிக்கு ஒரு தடவைதான் இறங்க வேண்டும். அந்த மெஷின் எப்போதாவது கேட்காமலேயே இன்னொரு தடவை இறங்கும். அண்ணனுக்கு அதன் குணம் தெரியும், கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வார். நான் முன்பு நின்ற நாட்களில் அது அப்படிச் செய்ததில்லை, அவரும் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு. அவ்வளவுதான், கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேஸ்திரி என் கையில் துண்டைச் சுற்றி, வழியில் வந்த லாரியில் ஏற்றி, பொன்னேரியில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் என் காதில் ஒன்றையே ஓதிக்கொண்டு வந்தார்: "அண்ணன் பேரையே சொல்லுடா. மாத்திச் சொன்னா அவன் வேலையும் பூடும், என் வேலையும் பூடும்."

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயசு. என் அண்ணி வயசுகூட இருக்காது. ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டு, ஊசி போட்டபின் ஒரு பெரிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். நான் அண்ணன் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார். அண்ணன் வயதைச் சொன்னேன். பிறகு உடம்பில் அங்க அடையாளம் காட்டச் சொன்னார். இடது புருவத்துக்கு மேலே சின்ன வயசில் மாடு முட்டிய தழும்பு ஒன்று இருந்தது, அதை எழுதிக்கொண்டார். சட்டையை ஒதுக்கி, வலது முழங்கைக்குக் கீழே இருந்த மச்சத்தை எழுதிக்கொண்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இன்னொன்று காட்டுங்கள் என்று கைலியைத் தூக்கச் சொல்லி, கெண்டைக்காலில் இருந்த தீக்காயத் தழும்பைக் குனிந்து பார்த்து, எந்தக் கால், எவ்வளவு நீளம் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது. என் கோபம் எங்கள் ஊரில் பிரசித்தம், அண்ணிகூட சோறு போட்டுவிட்டுத் தள்ளி நின்றுதான் பேசுவார். கை போய்க் கிடக்கிறேன், இந்த அம்மாவுக்கு மச்சம் எண்ணுவதுதான் பெரிதாகப் போய்விட்டது என்று வாயில் வந்தபடி பேசிவிட்டேன். எழுதக்கூடாத வார்த்தை ஒன்றும் வந்தது. மேஸ்திரியே தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து மிச்சத்தையும் எழுதி முடித்தார்.

காயம் ஆறச் சரியாக இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் நிஜமான வலி. அரிவாள் பிடிக்க வரவில்லை. ஏரில் கை வைத்தால் வழுக்கியது. சட்டைப் பொத்தான் போடவே கால்மணி நேரம். முதலாளியிடம் ஏதாவது செய்யுங்கள் என்று கேட்கப் போனோம், நானும் அண்ணனும். அவர் சத்தம்கூடப் போடவில்லை. பதிவேட்டை எடுத்துத் திருப்பி அண்ணன் பெயரைக் காட்டினார். இந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டார். அண்ணன் கையைத் தூக்கினார். "பத்து விரலும் நல்லாத்தானே இருக்குது?" என்றார் முதலாளி. அப்புறம் என்னைக் காட்டி, இவர் யாரென்றே தெரியாது, என் பட்டறையில் இவருக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அண்ணன் கையில் கட்டுப்போட்டுக்கொண்டு மெட்ராஸில் தொழிலாளர் நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் போய் நிற்கட்டும் என்றுகூட ஒருவர் சொன்னார். சிரிக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை. அண்ணன் டீயைத் தொடவே இல்லை. "அது ரெண்டு வாட்டி எறங்கும்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்டா," என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் அவர் என்னிடம் அதைத் தவிர வேறு எதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அண்ணியின் உறவுக்காரர் ஒருவர் திருவள்ளூரில் ஒரு வக்கீலைச் சொன்னார். பட்டறை, மில் என்று அடிபட்டவர்கள் கேஸையெல்லாம் பார்க்கிறவராம். கேஸ் போடாவிட்டாலும் பரவாயில்லை, நிற்குமா நிற்காதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துப் போனோம். போகும்போதே எனக்கு நம்பிக்கையில்லை. பொய்ப் பெயரில் வேலை செய்தவன் என்று என்னை உள்ளே தள்ளாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை. வக்கீல் ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் கையைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். விரலை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சட்டப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஒரு பட்டியல். எந்த விரல், எத்தனை கணு போனால், ஒரு மனிதன் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனதாகக் கணக்கு என்று வரிசையாக இருப்பதாகப் படித்துக் காட்டினார். என் விரலைப் பற்றி எங்கேயோ யாரோ முன்னாலேயே உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடிபட்ட நாளில் வராத அழுகை அங்கே வந்துவிட்டது.

அவர் அழ விட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்புறம் காலையில் பட்டறைக்குள் போனதிலிருந்து ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். பெயர் மாற்றின விஷயத்தை நான் மென்று முழுங்கினேன். அண்ணன்தான் போட்டு உடைத்தார். வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. செய்தது தப்புதான், கமிஷனர் முன்னால் அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றார். ஆனால் சட்டம் கேட்பது நோட்டில் யார் பெயர் என்று இல்லை. யாருடைய தொழிலுக்காக, யார் மெஷின் முன்னால் நின்றார் என்றுதான் கேட்கிறது என்றார். ஆக, கேஸுக்கு உயிர் இருக்கிறது.

"ஆனா தம்பி, அன்னிக்கு நின்ன ஆளு நீதான்னு யாரு வந்து சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

மேஸ்திரி வரமாட்டார். கூட வேலை செய்தவர்கள் எங்களைக் கண்டால் தெருவையே மாற்றிக்கொண்டு போனார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி நோட்டிலும் அண்ணன் பெயர்தான். இதைச் சொன்னதும் வக்கீல் பேனாவைத் திறந்து ஒரு காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, அங்கே பெயரைத் தவிர வேறு என்ன எழுதினார்கள் என்று கேட்டார்.

நான் வேண்டாவெறுப்பாக மச்சக் கதையைச் சொன்னேன். டாக்டரம்மாவைத் திட்டினதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கேட்டுக்கொண்டே வந்தவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். விபத்து என்று வருகிறவர்களின் அங்க அடையாளத்தை எழுதிவைப்பது ஆஸ்பத்திரி நடைமுறை, அந்தப் பதிவின் நகலுக்கு மனுப் போடலாம் என்றார். அன்றைக்கு பீஸ் கொடுக்கப் போனோம். கேஸ் இருக்கிறதா இல்லையா என்று நகல் வந்தபிறகுதான் தெரியும், அதுவரைக்கும் வேண்டாம் என்று பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

நகல் வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். போனோம். முதலில் அண்ணனை எழுந்து நிற்கச் சொன்னார். காகிதத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். இடது புருவத்துக்கு மேல் தழும்பு: அண்ணன் நெற்றி வழவழவென்று இருந்தது. வலது முழங்கைக்குக் கீழே மச்சம்: இல்லை. இடது கெண்டைக்காலில் இரண்டு அங்குலத்துக்குத் தீக்காயத் தழும்பு: அண்ணன் வேட்டியைத் தூக்கி இரண்டு காலையும் காட்டினார். இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். நான் புருவத்தைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கைலியைத் தூக்கினேன்.

"பேருதான் உங்க அண்ணனது. இந்த உடம்பு உன்னுது," என்றார் வக்கீல். "முதல் ரெண்டு யாருக்கு வேணா இருக்கும்னு அவங்க வாதாடலாம். மூணும் ஒரே ஆளுகிட்ட, அதுவும் தம்பிகிட்ட இருக்குதுன்னா அப்புறம் பேச்சே கெடையாது."

அண்ணன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

கேஸ் போட்டோம். அந்த நகலைப் பார்த்ததும் எதிர்த்தரப்பில் குரல் இறங்கிவிட்டது. இரண்டு வாய்தா இழுத்தடித்தார்கள். மூன்றாவதில், மெட்ராஸில் கமிஷனர் முன்னிலையில், பட்டியலில் உள்ளபடி கொடுக்க முதலாளி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வக்கீல் ஐயா நியாயமான பீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார். கிடைத்த தொகையில் கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்தோம். அண்ணன் அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போகவில்லை. யாரும் அவரை நீக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டார். தன் இடத்தில் நான் நின்றதற்கு, இனி நான் ஏர் பிடிக்கிற இடத்தில் தான் நிற்பதாகச் சொன்னார். சொன்னபடியே கடைசிவரை நின்றார்.

பணம் வந்த வாரமே நான் பொன்னேரிக்குப் போனேன். டாக்டரம்மா வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும்வரை வரிசைக்கு வெளியே நின்றேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. கையை மட்டும் நீட்டினேன். காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். அவருக்கு என்னை ஞாபகம் இருக்காது என்று நினைத்து, அன்றைக்கு உங்களைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினவன் நான்தானம்மா என்று சொன்னேன். அந்த மூன்று அடையாளம் என்னைக் காப்பாற்றின கதையையும் சொன்னேன்.

டாக்டரம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "வழக்கமா ரெண்டுதான் எழுதுவோம்," என்றார். "பேர் என்னன்னு கேட்டப்ப நீங்க முதல்ல கூட வந்தவர் முகத்தைப் பாத்தீங்க. சொந்தப் பேரைச் சொல்ல யாரும் அடுத்தவங்க முகத்தைப் பாக்க மாட்டாங்க. அதான், நாளைக்கு உங்களுக்கு எதுக்காவது உதவட்டுமேன்னு இன்னொண்ணு சேத்து எழுதினேன்."

நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அந்தப் பொய்யிலிருந்து நான் திரும்பி வர ஒரு வழியை எழுதி வைத்திருக்கிறார். அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். கை போன வலியில் மனிதர்கள் பேசுவதை நாங்கள் கணக்கில் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார்.

இப்போதும் எந்த ஆபீஸில் எந்த விண்ணப்பத்துக்காக அங்க அடையாளம் கேட்டாலும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும், நான் பொறுமையாகப் புருவத்தையும் கையையும் காட்டுகிறேன். இரண்டு போதும் என்று அவர்கள் பேனாவை மூடிய பிறகும், அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.