தபாலில் சுற்றிய நோட்டும் தங்கராசு அண்ணனும்

தங்கராசு அண்ணன் போய்விட்டார். நேற்று மதியம் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சுவலி… சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே.

கடை போர்டு எழுதுபவர். ஏற்காட்டில் நீங்கள் பார்த்த ஹோட்டல் போர்டுகளில் பாதி அவர் கைதான்.

மூன்று வருடமாக நான் அவரோடு பேசவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை… சரி, எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நாலு பேர். அண்ணன், கொட்டச்சேடு எஸ்டேட் ஆபீசில் இருக்கும் நான், சேலத்தில் டிராயிங் டீச்சர் நிர்மலா, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் பாபு. ஒரு ஓவிய கேம்ப்பில் ஆரம்பித்த பழக்கம்.

ஆளுக்கு ஒரு ஸ்கெட்ச் நோட்டு. ஒருவர் ஒரு பக்கம் வரைந்து அடுத்தவருக்குத் தபாலில் அனுப்புவார், அவர் எதிர்ப்பக்கத்தில் பதில் வரைவார். நாலு நோட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரே ஒரு ரூல். நோட்டில் இருப்பது நோட்டோடு… போட்டோ எடுக்கக்கூடாது, வெளியே காட்டக்கூடாது. அந்த ரூலைச் சொன்னதே அண்ணன்தான்.

முதல் தடவை நான் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியை வரைந்து அனுப்பினேன். நோட்டு போய்ச் சேர்ந்த அன்றே அண்ணனிடமிருந்து போன்.

"ஏனுங்கம்மணி, மொளகு பறிக்க ஆளு அனுப்பிச்சிருக்கறனுங்க. வந்ததும் பாருங்க."

வந்தது. எதிர்ப்பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு ஆள், தோளில் ஏணியோடு.

ஒரு மழைக்காலத்தில் பாபுவின் நோட்டு பார்சலோடு நனைந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமாக அயர்ன் பண்ணிக் காயவைத்து, ஒரு ஓரம் கருகியதற்கு நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டவர் அண்ணன்.

அந்த நம்பிக்கையில்தான் என் அம்மாவை வரைந்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

காப்பி பறிக்கிற சீசன். மழைக்கு சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, செடியோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்ட அம்மா. வாய் திறந்திருக்கும். கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்.

அம்மாவிடம்கூட அதைக் காட்டியதில்லை.

சீசன் முடிந்து அம்மா ஒரு ரிசார்ட்டுக்கு க்ளீனிங் வேலைக்குப் போனார். முதல் நாள், டைனிங் ஹாலைக் கூட்டப் போனால்… சுவர் முழுக்க அம்மா. அதே சாக்கு, அதே வாய். கீழே அண்ணனின் கையெழுத்து.

சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏங்கண்ணு, நாந் தூங்கறத எதுக்குச் செவுத்துல போட்டீங்க? வர்றவங்கெல்லாம் என்னையாட்டவே வாயத் தொறந்து வெச்சுக்கிட்டு போட்டோ புடிக்கறாங்க சாமி…"

அடுத்த நாள் அம்மா வேலைக்குப் போகவில்லை.

நான் அண்ணன் கடைக்குப் போனேன். அவர் பிரஷ்ஷைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"நொம்ப நல்லா இருந்துச்சுங்கம்மணி. அதான் போட்டுட்டனுங்க. ஆருன்னு ஆருக்குத் தெரியப்போவுது?"

"எங்கம்மாவுக்குத் தெரியுமுங்களே."

பிரஷ்ஷைத் துணியில் துடைத்து வைத்தார். பிறகு, "அழிச்சர்றனுங்க. ஒரு வாரம் குடுங்க" என்றார்.

அழிக்கவில்லை. நான் வரைவதை நிறுத்தினேன், நோட்டுகளும் நின்றுபோயின.

இன்று காலை நிர்மலா அழுதுகொண்டே போன் பண்ணிச் சொன்னாள். போவதாக இல்லை நான். அம்மாதான், "செத்தவங்ககிட்ட என்ன கண்ணு கோவம், ஒரு மாலயப் போட்டுட்டு வா" என்றார்.

போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ். அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் அந்தச் சுவர். அவர் தோளுக்கு மேலே என் அம்மா.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு போட்டதுலயே இதுதானுங்க அவருக்கு உசுரு. எங்க மாமியாரும் காப்பிக் காட்டுல பாடுபட்டவங்கதானுங்களே… அவங்க தூங்கறதப் பாத்து, நெனப்புல வெச்சுப் போட்டதுன்னு சொல்லுவாருங்க."

"நல்லா இருக்குதுங்க அண்ணி" என்றேன். வேறென்ன சொல்வது? மாலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அண்ணி பேஸ்புக்கில் இல்லை. தயவுசெய்து யாரும் அவரிடம் இதைக் காட்ட வேண்டாம்.

அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க கண்ணு, எம்பேரு மட்டும் போடாத" என்றார்.

அண்ணா… போய்ட்டு வாங்க.

அங்க தூங்கறது உங்கம்மா இல்லீங்க. எங்கம்மா.