முனியனைத் தேடிப் பதினொரு நாள்

செத்துப்போனவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு, உயிரோட இருக்கறவங்க கையில காகிதமா கொடுக்கறதுதான் என் தொழில். புதுவாயல் கூட்டுரோட்டுல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். மனு எழுதறது, பழைய ரெக்கார்டு தேடறது எல்லாம் அங்கதான். "நாளைக்கு வாங்க"ன்னு கேட்டுக் கேட்டே கால் வீங்கினவங்க எத்தனை பேர் இதைப் படிக்கிறீங்களோ, நாமெல்லாம் ஒரே ஜாதி. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

தலையை எண்ணினவங்க

சாமுவேலுக்குக் கும்மிடிப்பூண்டியில ஒரு இரும்புக் கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிஞ்சு யூனிபார்மோடயே வந்து, ஒரு நோட்டீஸை மேசை மேல வெச்சார். அவங்க தெருவுல இருபத்திரண்டு வீடு. அத்தனை பேரும் கம்பெனி வேலைக்காக எங்கேருந்தோ வந்து பட்டா நிலத்தை ஆக்கிரமிச்சவங்கன்னு அதுல இருந்துச்சு. பக்கத்து வயலை விலைக்கு வாங்கின குடோன்காரங்க கொடுத்த புகார். பதினோராம் நாள் கோட்டாட்சியர் விசாரணை. காலங்காலமா அங்கேயே இருக்கோம்னு காகிதம் காட்டலைன்னா எல்லா வீட்டையும் இடிச்சுடுவாங்க. பொக்லைன் ஏற்கனவே தெருமுனையில வந்து நிக்குதாம்.

"வெள்ளைக்காரன் சென்சஸ் எடுத்தானே மேடம், எங்க தாத்தாவோட தாத்தா யாக்கோபு பேரு அதுல இருக்கும்ல?"ன்னு கேட்டார். எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல்! வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. வீடு வீடா போய்ப் பேரு எழுதினது வாஸ்தவம். கூட்டல் போட்டு முடிச்சதும் பேரு எழுதின தாளை யாரும் வெச்சுக்கலை. ஊருக்கு எத்தனை வீடு, எத்தனை ஆம்பளை, எத்தனை பொம்பளைங்கற மொத்தக் கணக்கு மட்டும்தான் புத்தகமா மிச்சம். இதைக் கொஞ்சம் கடுமையாவே சொல்லிட்டேன். அவர் நோட்டீஸை நாலா மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கினார்.

"தலையை எண்ணிக்கினு பேரைத் தூக்கிப் போட்டுட்டானுங்களா? இன்னா நாயம் மேடம் இது?"

இதுக்குள்ளதான் இருக்கார்

இருந்தாலும் மனசு கேக்கலை. மூணாம் நாள் சென்னையில பழைய ஆவணங்கள் வெச்சிருக்கற ஆபீசுக்குப் போனேன். அந்தக் கால சென்சஸ் புத்தகத்தைத் தொட்டாலே ஓரம் உதிருது. அவங்க ஊருக்கு ஒரே ஒரு வரி. சாமுவேல் தெரு இருக்கற சேரி தனியா இல்லை, ஊரோட சேத்துக் கணக்கு. சாயங்காலம் வரைக்கும் அந்த வரியையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன், வேற இன்னா செய்யறது! நடுவுல சாமுவேல் ஆறு தடவை போன் பண்ணிட்டார். எடுக்கவே பயமா இருந்துச்சு. புத்தகத்தைத் திருப்பி வாங்கின கிளார்க் என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சொன்னார்:

"உங்க ஆளு இதுக்குள்ளதாம்மா இருக்கார், எந்த எண்ணு அவருன்னுதான் யாருக்கும் தெரியாது."

யாக்கோபுக்கு முன்னாடி

அஞ்சாம் நாள் அவங்க சர்ச்சுக்குப் போனோம். ஞானஸ்நான ரிஜிஸ்டர் துணியில சுத்தி பீரோவுல இருந்துச்சு. உபதேசியார் ஒவ்வொரு பக்கமா புரட்டினார். ஒரு மணி நேரம் கழிச்சுக் கிடைச்சுது: "முனியன், படியாள். ஞானஸ்நானப் பேர் யாக்கோபு." படியாள்னா பண்ணைக்குக் கட்டுப்பட்ட கூலியாள். கீழே ஊர் பேரு. அப்புறம் அவர் மகன், பேரன்னு சாமுவேல் அப்பா வரைக்கும் வரிசையா வந்துச்சு. முனியன்ங்கற பேரைச் சாமுவேல் அன்னைக்குத்தான் முதல்ல கேக்கறார். வீட்ல ஒருத்தரும் சொன்னதில்லையாம். அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு, எனக்கும்தான்.

ஆனா ஊர் பெரிசு. அந்த ஊர்ல எங்கயோ இருந்தார்னா ஆச்சா? இதே இடத்துலதான் இருந்தார்னு யார் சொல்றது? உபதேசியார் நகல்ல கையெழுத்துப் போட்டுக்கினே சொன்னார்:

"பேரு இருக்குது, ஊரு இருக்குது, ஊடு எங்க இருந்துச்சுன்னு நாங்க எழுதறதில்லம்மா."

கேட்டுக்கு வெளியே

என் தொழில்ல ஒரு வழி இருக்கு. சொத்து இல்லாதவனைத் தேடணும்னா, சொத்து இருக்கற பக்கத்து ஆளோட பத்திரத்தைப் பாக்கணும். பத்திரம்னா நாலு எல்லை எழுதியே ஆகணும். யாருக்குக் கிழக்கு, யாருக்கு மேற்குன்னு பேரு வரும். இப்ப சர்வே நம்பரைப் பாத்துட்டு மூடிடறாங்க, எல்லையை ஒருத்தரும் படிக்கறதில்லை.

பத்திர ஆபீஸ்ல மனு போட்டா, நகல் வர விசாரணை தேதி தாண்டிடும்னாங்க. அதனால எட்டாம் நாள், குடோனுக்கு வயலை வித்த நாராயணசாமி வீட்டுக்கே போனோம். தலைமுறை தலைமுறையா நெல்லு போட்ட குடும்பம். பழைய தாய்ப் பத்திரத்தை ஒரு தரம் பாக்கணும்னு கெஞ்சினேன். கெஞ்சறது எனக்குப் பழக்கமே இல்லை. எல்லாம் குடோன் வக்கீல்கிட்ட போயிடுச்சுன்னார். கேட்டைச் சாத்தும்போது சாமுவேலைப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

"எங்க ஊட்டு வாசப்படியே ஏறாத ஆளுங்க, எங்க பத்திரத்துல எப்படி நைனா ஏறுவாங்க?"

நாலாவது எல்லை

விசாரணை அன்னைக்கு எங்க கையில சர்ச் நகல் ஒண்ணுதான். இருபத்திரண்டு வீட்டு ஆளுங்களும் லீவு போட்டுட்டு வராண்டாவுல நிக்கறாங்க. உள்ளே குடோன் வக்கீல் எழுந்து, இந்த நிலம் எவ்வளவு காலமா ஒரே குடும்பத்துக் கையில இருந்துச்சுன்னு காட்டறதுக்கு ஒரு பழுப்புக் காகிதத்தைப் பெருமையா எடுத்து வெச்சார். தாய்ப் பத்திரம்! அவங்களே கொண்டுவந்துட்டாங்க! நான் வக்கீலும் இல்லை, அந்தத் தெரு ஆளும் இல்லை, அங்க பேசக் கூடாது. சாமுவேல் முதுகுல நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அவர் எழுந்தார். "சார், நாலு எல்லையையும் படிக்கச் சொல்லுங்க சார்."

கோட்டாட்சியர் தலையாட்டினார். வக்கீல் சாதாரணமாதான் ஆரம்பிச்சார். "ஏரிக்கால்வாய்க்குத் தெற்கு. வண்டிப்பாதைக்குக் கிழக்கு. கோயில் மானியத்துக்கு வடக்கு." அங்கயே நின்னுட்டார். அந்த எல்லையில முனியன் இருப்பாரா, வேற எவனாவது இருப்பானான்னு எனக்கும் தெரியாது. "மேல படிங்க"ன்னார் கோட்டாட்சியர். வக்கீல் குரல் இறங்கிடுச்சு.

"சேரி முனியன் குடிசைக்கு மேற்கு."

சாமுவேல் சர்ச் நகலை நீட்டினார். கோட்டாட்சியர் ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியா பாத்தார். சேரி அப்பவே இங்க இருந்திருக்கு, குடிசையோட குடோன்காரங்க நிலம் முடியுது, ஒரு வீட்டையும் தொடக் கூடாது, பொக்லைனை எடுக்கச் சொல்லுங்கன்னு உத்தரவு போட்டார்.

வராண்டாவுல ஒரே அழுகையும் சிரிப்புமா இருந்துச்சு. சாமுவேல் மட்டும் ஓரமா நின்னுக்கினு இருந்தார். என்னைப் பாத்ததும் சொன்னார்:

"அவர் பேர்ல ஒரு சென்ட் கூட கெடையாது மேடம், ஆனா அவர் இல்லாம அவங்க நெலம் எங்க முடியுதுன்னு அவங்களுக்கே சொல்லத் தெரியல பாருங்க."

இப்பல்லாம் சென்சஸ்ல தாத்தா பேரு இருக்குமான்னு யார் வந்து நின்னாலும் நான் கத்தறதில்லை, உங்க பக்கத்து வயல்காரரோட பழைய பத்திரம் இப்ப யார் கையில இருக்குன்னுதான் முதல்ல கேக்கறேன்.