ஆறேகால் பஸ்ஸும் ஒரகடத்து பியானோவும்

ஒரகடத்துக்குப் போகிறேன், திங்கட்கிழமை லீவு வேண்டும் என்றதும் ஆபீசில் சிரித்தார்கள். கன்டெய்னர் லாரி பார்க்க யாராவது ஓசூரிலிருந்து போவார்களா என்றார்கள். நியாயமான கேள்விதான். இந்த வலைப்பூவில் இதுவரை அருவியும் கோட்டையும் எழுதியவள், இப்போது தொழிற்பேட்டையைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் லூர்து சார். ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றின் காபி ஷாப்பில் பதினொரு வருடம் ஜாஸ் பியானோ வாசித்தவர். இரண்டு மாதம் முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார். அவருடைய ரசிகர்கள் போன மாதம் இரண்டாம் ஞாயிறு, மாலை நாலு மணிக்கு, அதே காபி ஷாப்பில் கூடுவதாக முடிவு செய்தோம். ரசிகர்கள் என்றால் பெரிய இசை ஞானிகள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வாட்ஸப் குழுவின் பெயர் 'ஆறேகால் பஸ்'.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்ததும் நான் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் லைனில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி வேன் எங்களை அந்த ஓட்டல் வாசலில் 5.35க்கு இறக்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலுக்குப் போகும் கம்பெனியின் பெரிய பஸ் 6.15க்குத்தான் வரும். ஒருநாள் பேய்மழை. ஒதுங்க இடமில்லாமல் பத்துப் பெண்கள் யூனிஃபார்மோடு ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டோம். விரட்டப்போகிறார்கள் என்று பயந்து நின்றபோது, மூலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் பியானோவிலிருந்து தலையைத் தூக்கி, "உக்காருங்கம்மா, சேர் எல்லாம் சும்மாதான கீது" என்றார். கேஷியர் ஷீலா அக்கா எங்களுக்கு ஸ்டாஃப் டீ கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் அந்த நாற்பது நிமிடம் எங்களுடையது.

ஜாஸ் என்றால் என்னவென்று எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. நேற்று வாசித்த பாட்டை இன்று வேறு மாதிரி வாசிப்பார். "சார், நேத்து இப்படி இல்லையே?" என்று கேட்டேன். "நேத்து நீ சிரிச்சிக்கினு வந்தே. இன்னைக்கு சூபர்வைசர் திட்டியிருக்கான் போல" என்றார். உண்மையிலேயே திட்டியிருந்தான். அந்த வயதில் என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்ன ஆள் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

ஆறு மணிக்குக் கடைசிப் பாட்டைத் தொடங்குவார். நடுவிலேயே வெளியே பஸ் ஹாரன் கேட்கும். ஒரு நெட்டை, இரண்டு குட்டை. டிரைவர் ஏழுமலை அண்ணன் அடிப்பது. அதைக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் ஓடுவோம். பஸ்ஸை விட்டால் ஹாஸ்டல் கேட் மூடிவிடும், அப்புறம் வார்டனுக்குப் பதில் சொல்லி மாளாது. அந்தப் பாட்டின் முடிவை நாலு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து வாசிக்கும்போது பாதியில் எழுந்து ஓடுகிறோமே என்று வெட்கமாக இருக்கும். போகும்போது அவர் முகத்தைப் பார்க்கவே மாட்டேன்.

இனி பயணம். ஓசூரில் காலை 5.30 சென்னை பஸ், டிக்கெட் 310 ரூபாய். வேலூர் தாண்டி டிபனுக்கு நிறுத்தினார்கள். பொங்கல் சுமார், காபி மோசம். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும்போது மணி 11.10. ரயிலில் வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்த ஊருக்கு ஸ்டேஷன் கிடையாது.

நேரே ஒரகடம் போகாமல் வல்லக்கோட்டையில் இறங்கினேன். ஷேர் ஆட்டோ 30 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் முருகன் கோயிலில் நல்ல கூட்டம். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் அந்த முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஏழுமலை அண்ணன் வீட்டைத் தேடிப் போனேன். போனில் கூப்பிட்டபோது அவர் வர மறுத்திருந்தார். அவர் வராமல் அந்தக் கூட்டம் நடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு இப்போது சொந்தமாக ஒரு வேன் ஓட்டுகிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே மறுபடியும் கூப்பிட்டேன்.

"நா வரக்கூடாதும்மா. அந்தாளு வாசிப்ப கெடுத்தவனே நான்தான்."

"என்னண்ணா சொல்றீங்க?"

"நீ வேலைய விட்டுப் போனப்புறம் நடந்தது உனுக்குத் தெரியாது. ஒருநாள் ஹாரன் அடிச்சேன். அந்த மனுசன் வாசிக்கிறத வுட்டுட்டு ரோட்டுக்கே எறங்கி வந்துட்டாரு. கைய தூக்கிக்கினு, 'இன்னாப்பா ஹாரன்'னு என்னமோ கத்தினாரு. லாரி சத்தத்துல மீதி காதுல வுழல. சாரி சார்னுட்டு வண்டிய எடுத்துட்டேன். அதுலேர்ந்து அங்க நா ஹாரனே அடிக்கல. பத்து நாள்ல வேற ரூட்டு கேட்டு வாங்கிக்கினு போய்ட்டேன். அவ்ளோ பெரிய மனுசனையே ரோட்டுக்கு எறக்கிட்டமேன்னு இன்னைக்கும் மனசு அறுக்குது."

"அண்ணா, ஹாரன் அடிச்சது நீங்க, எழுந்து ஓடினது நாங்க. மன்னிப்புக் கேக்கணும்னா சேர்ந்தே கேப்போம்" என்றேன். அண்ணன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். அப்புறம் சாவியை எடுத்தார். "வாசல் வரைக்கும்தான் வருவேன்."

வல்லக்கோட்டையிலிருந்து கூட்டு ரோட்டுக்கு வேனில் கால் மணி நேரம். வழியில் நான் வேலை பார்த்த காலத்தில் வயலாக இருந்த இடமெல்லாம் நீலத் தகரக் கொட்டகையாகிவிட்டது. எங்கள் டீக்கடை இருந்த இடத்தில் ஏ.டி.எம். நாற்பது பேர் உட்கார்ந்து சிரித்த பஸ் நிறுத்தத்தையும் மேம்பாலப் பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நாலு வருடம் தினமும் பார்த்த சாலையில் பழைய அடையாளம் எதையாவது தேடிக்கொண்டே வந்தேன். ஓட்டல் மட்டும் அப்படியே இருந்தது.

பத்தொன்பது பேர் வந்திருந்தோம். இரண்டு பேர் கைக்குழந்தையோடு. பியானோவைச் சாம்பல் நிறத் துணி போட்டு மூடி, மேலே சாருடைய போட்டோவும், ஒரு தட்டில் அவருக்குப் பிடித்த வெங்காய பக்கோடாவும் வைத்திருந்தார்கள். பழையதெல்லாம் பேசினோம், சிரித்தோம், அழுதோம். ஏழுமலை அண்ணனை ஷீலா அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அண்ணன் உட்காரவில்லை. நின்றுகொண்டே, வல்லக்கோட்டையில் என்னிடம் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னார்.

ஷீலா அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ ஏழுமலை! அவரு திட்டவா வந்தாரு? நீ ஹாரன மாத்தினியா இல்லையா?"

"ஆமா. வண்டிய எஃப்.சி.க்கு காட்டுனப்ப ஏர் ஹாரன் கூடாதுன்னு கழட்டிட்டு வேற போட்டாங்க."

"அதத்தான் கேக்க வந்தாரு! 'ஏழுமலை ஹாரன் சுருதி அரைக் கட்டை எறங்கிப்போச்சு ஷீலா'ன்னு உள்ள வந்து சொன்னாரு. கடைசிப் பாட்டையே உன் ஹாரன வெச்சிதான முடிப்பாரு? இதுங்கள்லாம் எழுந்து ஓடும், ஹாரன் சத்தத்த அப்படியே கையில புடிச்சி முடிச்சிட்டு சிரிப்பாரு. பஸ் லேட்டுன்னா அதே எடத்துல சுத்திக்கினே கெடப்பாரு. புது ஹாரனுக்குத் தோதா மறுநாளே பாட்ட எறக்கி வெச்சாரு. நீதான் அப்புறம் அடிக்கவேயில்ல."

ஷீலா அக்கா செல்போனை ஸ்பீக்கரில் இணைத்தார். அண்ணன் ரூட் மாறிப் போன பிறகு ஒரு சாயங்காலம் எடுத்த பதிவாம். அதே கடைசிப் பாட்டு. நான் ஓடிப்போகும் இடம் வந்தது, தாண்டியது. அதற்கப்புறம் நான் கேட்டறியாத பகுதி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றியது. மெல்லப் போனது, நின்றது, மறுபடி சுற்றியது. இசை தெரியாத எனக்கே புரிந்தது, அவர் காத்திருந்தார்.

ஏழுமலை அண்ணன் அங்கே இல்லை, எப்போது வெளியே போனார் என்று தெரியவில்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. ஒரு நெட்டை, இரண்டு குட்டை. ஒல்லியான சத்தம், சுருதியும் சேரவில்லை. ஆனால் பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம், கையில் பையோடு. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தோம். ஸ்பீக்கரில் லூர்து சாரின் இடது கை, ஒரு நெட்டை, இரண்டு குட்டை வாசித்து நிறுத்தியது. கடைசியில் அவர் சிரிக்கும் சத்தமும் பதிவாகியிருந்தது. இத்தனை வருடம் என்னைத் தின்ற வெட்கம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. அவரை இழந்த துக்கம் அப்போதுதான் முழுசாகத் தொடங்கியது.

போக நினைப்பவர்களுக்கு: காபி ஷாப் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, காபி 140 ரூபாய், டீ 90. கேட்டால் பியானோத் துணியை விலக்கிக் காட்டுவார்கள், வாசிக்க ஆள் இன்னும் போடவில்லை. ஞாயிறு என்றால் ரோடு காலி, வார நாளில் ஷிப்ட் விடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் 850 ரூபாய்க்குக் கிடைத்தது, குளிக்க வெந்நீர் உண்டு. ஒரகடத்திலிருந்து அங்கே போக ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார்கள். இப்போதும் நேரத்துக்கு வருகிறதா என்று எனக்குத் தெரியாது. முதல்முறையாக ஆறேகால் பஸ்ஸை விட்டுவிட்டு, ஏழு மணி வண்டியில் போனேன்.