படையலைத் தொடாத விருந்தாளி

சுலோஜனா பிடிவாதக்காரி. ஊர் அப்படித்தான் சொல்லும், அதில் பொய்யில்லை. கடலோரத்தில் பிறந்து காட்டோரக் கிராமமான உன்னிச்சைக்கு வாழ்க்கைப்பட்டவள். சுனாமி கொண்டுபோன தாய்க்கும் தகப்பனுக்கும் தன் கையாலேயே மண் போட்டவள். கண்ணால் கண்ட சாவுக்கு அழுது தீர்த்தாள். காணாத சாவுக்கு அழமாட்டேன் என்றுவிட்டாள்.

காணாதது புருஷன் உதயரூபனை. இரண்டாயிரத்து ஏழில் யுத்தத்துக்குப் பயந்து ஊரே ஓடியபோது, கட்டிக் கிடந்த மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனவன் வரவில்லை. யுத்தம் முடிந்ததும் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அவள் பொட்டை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் வீட்டுச் சுவரில் காட்டு அந்துப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து விரித்த அகலம். சிறகு நுனியில் பாம்புத்தலை மாதிரி வளைவு.

"என்ர புள்ள வந்திட்டான் கா!" என்றாள் மாமி கண்ணகை. செத்தவர்கள் பெரிய பூச்சியாக வீடு தேடி வருவார்கள் என்பது அவள் நம்பிக்கை. மகனின் படத்துக்கு மாலை போட்டாள். சுவரடியில் சோறும் மீன்குழம்பும் வாழைப்பழமும் படைத்தாள். சுலோஜனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பூச்சியை விரட்டவில்லை; கவனித்தபடி இருந்தாள்.

மூன்று நாளும் பூச்சி படையலைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து தின்றது வேறொன்று. காய்ந்த சருகு நிறத்தில், இரண்டு விரல் அகலத்தில், மரநிழலில் திரியும் வண்ணத்துப்பூச்சி. கனிந்த பழத்தில் குந்தி, சுருட்டிவைத்த குழலை நீட்டி உறிஞ்சிவிட்டு வேலிப்பக்கம் போனது. மறுநாளும் வந்தது.

நாலாம் நாள் பெரியது தரையில் செத்துக் கிடந்தது.

"போயிட்டான் புள்ள! இனிக் கருமத்தச் செய்வம். கையெழுத்த வையி" என்று மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

சுலோஜனா அதை உள்ளங்கையில் எடுத்து மாமியின் கண்ணருகே பிடித்தாள்.

"நல்லாப் பாருங்க மாமி. இதுக்குத் தின்ன வாயே இல்ல. அந்தச் சின்னனுக்குக்கூட உறிஞ்சக் குழல் இரிக்கி. மீன்குழம்ப முன்னால வெச்சா, உங்கட மகன் மூணு நாளைக்குச் சும்மா இரிக்கிற ஆளா?"

அழுகைக்கு நடுவே மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சட்டிய வழிச்செல்லோ தின்னுவான்!" பிறகு தயங்கிக் கேட்டாள்: "அப்ப அந்தச் சின்னது?"

"அதுவும் பூச்சி, இதுவும் பூச்சி. அவரு மனிசன். அவரு எங்க எண்டு கேக்கத்தான் நாளைக்குக் கச்சேரிக்குப் போறன். படம் வேணும்."

மாமி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, போட்ட கையாலேயே மாலையைக் கழற்றினாள்.

"நானும் வாறன்" என்றாள்.